நிரோவின் இரண்டு பிஸ்டல்களும் நான் சொன்ன ஒரு பொய்யும்

1

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணியளவில், ஆக்லாந்தின் விரிப் பகுதியில் நான் வேலை செய்யும் கிடங்கின் தேநீர் அறையில் நின்றுகொண்டு, என் மகள் இந்த நாட்டில் இல்லை என்று ஒருவரிடம் சொன்னேன். அந்த நேரத்தில் அவள் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், பாட்டனி டவுன்ஸ் கடைத்தொகுதியில், யாருக்கோ மூக்குக்கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தாள்.

தொலைபேசியில் வந்தவர் மரியாதையான ஆள். என் முழுப் பெயரையும் உடைக்காமல் சொன்னார். அதிலேயே எனக்கு முதல் சந்தேகம். இந்த மாதத்தோடு நாங்கள் ஆக்லாந்துக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை காலத்தில் என் பெயரை ஒரே மூச்சில் சொன்ன வெள்ளைக்காரர்கள் எல்லோரும் என்னுடைய கோப்பை முன்னால் விரித்து வைத்திருந்தவர்கள்.

ஆயுத உரிமம் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து கதைக்கிறேன், உங்கள் மகள் நிரோஷினியின் விண்ணப்பம் தொடர்பாக உங்களைச் சந்திக்க வேண்டும், அவர் உங்களோடு அதே முகவரியில்தான் இருக்கிறாரா என்று கேட்டார்.

"இல்லை. அவர் இங்கே இல்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார், இரண்டு வருஷம்" என்றேன்.

எப்போது திரும்புவார் என்று கேட்டார். தெரியாது என்றேன். தொடர்பு எண் ஏதாவது? இல்லை. அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். என் குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

பக்கத்தில் சியோனே பாண் தின்றுகொண்டிருந்தான். சமோவாக்காரன், பதினொரு வருஷமாக நானும் அவனும் ஒரே ஷிஃப்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறோம். நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டை முந்தின கிழமைதான் நிரோ வாசலில் கொண்டுவந்து அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மென்றதை விழுங்கிவிட்டு அவன் சொன்னான்: "பொய் சொல்லும்போது உன் ஆங்கிலம் திருத்தமாக இருக்கிறது. நீ இன்னும் அடிக்கடி பொய் சொல்லலாம்."

ஆட்கள் போகிற போக்கில் சொல்வதைப் பிடித்து வைத்துக்கொள்வது என் பழக்கம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவனுக்கு அதுதான் மேற்படிப்பு. சியோனேயின் இந்தச் சொல்லையும் வைத்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ கூப்பிடுவார்கள் அப்பா, கேட்டதற்கு உண்மையைச் சொன்னால் போதும் என்று நிரோ எனக்கு இரண்டு தரம் சொல்லியிருந்தாள். நானும் இரண்டு தரமும் ஓம் என்றிருந்தேன்.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், இருபத்தாறு வயதுப் பெண்பிள்ளைக்குத் துவக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதற்கு முதல் துப்பறிந்தேன்.

சனிக்கிழமைகளில் காலை போய்ப் பின்னேரம்தான் வருவாள். எங்கே என்றால் கிளப் என்பாள். கிளப் என்றால் நமக்கு வேறு படம் ஓடும். ஒருநாள் அவளுடைய காரைக் கழுவுகிற சாட்டில் உள்ளே பார்த்தேன். காதை மூடுகிற பெரிய செவிக்கவசம் ஒன்று, மஞ்சள் கண்ணாடி ஒன்று, ஓட்டை விழுந்த கடதாசித் துண்டுகள். பின் சீற்றில் அவளுடைய ஜக்கெட். எடுத்து மணந்து பார்த்தேன். பொடியன் யாராவது பூசுகிற சென்ட் மணக்கும் என்று எதிர்பார்த்த மூக்குக்கு, முப்பது வருஷமாக மணக்காத ஒரு மணம் வந்தது. வெடித்த துவக்கு ரவையின் மணம். கார்க் கதவை மூடாமலே ஓடிப்போய் என் மனைவி ஜெசியிடம் சொன்னேன்.

ஜெசி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. பிள்ளை எட்டு மாதமாகப் போகுது, குறி பார்த்துச் சுடுகிற விளையாட்டு, கடையில் கூட வேலை செய்கிற பெட்டை கூட்டிக்கொண்டு போனவள் என்றாள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்கள் இப்பிடித்தான் ஜக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவீங்கள்" என்றாள்.

அன்றிலிருந்து நான் சட்டம் படித்தேன். இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. முதலில் ஒரு கழகத்தில் சேர்ந்து மாதக்கணக்கில் போய்வர வேண்டும். கழகம் இவரை நம்பலாம் என்று எழுத வேண்டும். பிறகு உரிமம், அதற்கு மேல் பிஸ்டலுக்கென்று தனி அனுமதி. வீட்டில் இரும்புப் பெட்டி ஒன்றைச் சீமெந்துத் தரையோடு சேர்த்து முடுக்க வேண்டும். அதை ஒருவர் வந்து ஆட்டிப் பார்ப்பார். கூட இருக்கிறவர்களிடம், இந்த ஆள் குடிக்கிறவரா, கோபக்காரரா என்று விசாரிப்பார். நிரோவுக்கு அப்படிச் சாட்சி சொல்ல வேண்டிய ஆள் நான்.

நாங்கள் துவக்கு இருக்கிற இடத்தை விட்டு ஓடிவந்தவர்கள். இங்கே வந்து பிறந்தவளுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வா என்றால் வராதவள், பரதநாட்டியத்தை மூன்றாம் மாதம் விட்டவள், இதற்கு மட்டும் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் போகிறாள். எனக்கு யாரையும் நம்ப முடியவில்லை. கழகத்துக்காரரையும் நம்பவில்லை, கண்ணாடிக் கடைப் பெட்டையையும் நம்பவில்லை, உண்மையைச் சொன்னால் நிரோவையும் நம்பவில்லை.

3

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை நிரோ என்னையும் வரச்சொன்னாள். அனுமதி வந்தால் ஒரு பிஸ்டல்தான் இப்போதைக்கு வாங்குவாளாம். கழகத்திலுள்ள இரண்டை மாறி மாறிச் சுட்டுப் பார்க்கிறாள், முடிவெடுக்க முடியவில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். என்னிடம் அவள் கடைசியாக அபிப்பிராயம் கேட்டது எந்தப் பூனைக்குட்டியை எடுப்பது என்று, எட்டு வயதில். அதனால் போனேன்.

ஆக்லாந்துக்குத் தெற்கே, மாட்டுப் புல்வெளிகளுக்கு நடுவில் மண் மேடு கட்டிய இடம். நடத்துவது மாகரெட் என்ற எழுபது வயது மனுஷி. நான் வாசலில் கால் வைத்ததும் பெயர் எழுதவைத்தாள், காதை மூடவைத்தாள், கோட்டுக்குப் பின்னால் நிற்கவைத்தாள். அவளுக்கு என்னில் சந்தேகம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் எல்லோரையும் அப்படித்தான் நடத்தினாள்.

மேசையில் இரண்டு பிஸ்டல்கள். இரண்டும் முழு அளவு. சட்டைக்குள் ஒளிக்கிற சின்னச் சாமான் இல்லை. இரண்டுக்கும் ஒரே ரவை. ஒரு தரம் சுட்டால் அடுத்த ரவை தானாக ஏறும், ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் விரலால் இழுக்கத்தான் வேண்டும். அவ்வளவுதான் ஒற்றுமை. ஒன்று முழு இரும்பு. ஒரு கிலோவுக்கு மேல் பாரம், கறுப்பு, பின்பக்கத்தில் சின்னச் சுத்தியல் போல ஒன்று எழும்பி நிற்கும். மற்றது பிடியும் உடம்பும் பிளாஸ்டிக், மேல்பாகம் மட்டும் இரும்பு. பாரம் குறைவு, சுத்தியல் கிடையாது.

நிரோ ஆங்கிலத்தில் எனக்கு விளக்கினாள். நான் தமிழில் எழுதுகிறேன். இரும்பு கையில் நிற்கும். பாரமே உதையை வாங்கிக்கொள்ளும், அடுத்த குறிக்குச் சீக்கிரம் வரலாம். ஆனால் முதல் இழுப்பு மட்டும் நீளம், அவளுடைய குட்டையான விரலால் எட்டி இழுக்க வேண்டும்; இரண்டாவதிலிருந்து லேசு. பிளாஸ்டிக்குக்கு எல்லா இழுப்பும் ஒரே மாதிரி, பழக்கம் சீக்கிரம் வரும். ஆனால் சுடும்போது மூக்கைத் தூக்கும்.

இரண்டாலும் பத்துப் பத்துச் சுட்டாள். கடதாசிகளைக் கொண்டுவந்து காட்டினாள். பிளாஸ்டிக்கின் ஓட்டைகள் ஒரு கை அகலத்துக்குப் பரந்திருந்தன. இரும்பின் ஓட்டைகளை ஒரு தேநீர்க் கோப்பையால் மூடலாம்.

"எது அப்பா?" என்றாள்.

"பிளாஸ்டிக்கை எடு" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். பாரம், மணிக்கட்டு நோகும், வயது போகப் போகத் தெரியும் என்று ஏதோ சொன்னேன். அவள் கையிலிருந்த கடதாசிகளையும் என்னையும் பார்த்தாள். நீங்கள் மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்றாள்.

உண்மை. பார்க்கவில்லை.

4

எனக்குப் பதினேழு வயதில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் அறையில் ஒருவன் இருந்தான். அவன் எந்தப் பக்கத்துக்காரன் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. படிக்கிற ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்கு வந்தவனை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். மேசையில் மாணவர் வரவுப் புத்தகம், அதற்குப் பக்கத்தில் ஒரு பிஸ்டல். கறுப்பு, பின்னால் சுத்தியல். உன் அண்ணன் எங்கே என்று கேட்டான். இங்கே இல்லை, கொழும்புக்குப் போய்விட்டார் என்றேன். மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் அதே சொற்கள், அதே குரல். அண்ணன் அப்போது எங்கள் குசினிக்குள் இருந்து புட்டுத் தின்றுகொண்டிருந்தான். இன்றைக்கு நோர்வேயில் மூன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான்.

அதற்குப் பிறகு எத்தனை சோதனைச்சாவடி, எத்தனை பதிவு. வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஓர் அலுவலகக் குரல் கேட்டால், பிள்ளை இல்லை. அது எங்கள் வீட்டில் மட்டும் இருந்த விதி இல்லை. தெரு முழுக்க அந்தப் பதிலைத்தான் சொன்னது. நான் அதை யோசித்துச் சொன்னதில்லை, தும்மல் போல வரும். விரியில் அன்றைக்கும் அப்படித்தான் வந்தது.

இதை நான் நிரோவுக்குச் சொன்னதே இல்லை. ஜெசிக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை நிரோவுக்கு மின்னஞ்சல் வந்தது. உங்கள் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. நீங்கள் நியூசிலாந்தில் வசிக்கவில்லை என்று உங்கள் சாட்சியாளர் தெரிவித்துள்ளார். தவறான தகவல் கொடுத்திருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். விளக்கம் தரவும்.

குசினிக்குள் வந்து, போனை மேசையில் வைத்து, வாசியுங்கள் என்றாள். வாசித்தேன். சனிக்கிழமை இரும்பை வேண்டாம் என்றீர்கள், செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையுமே வெட்டிவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் வேண்டுமென்று செய்யவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது என்றேன். எனக்கே நம்பும்படியாக இல்லை.

பிறகு அவள் தமிழில் கேட்டாள். தமிழில் கேட்பதற்காகக் கொஞ்சம் நின்று சொற்களைத் தேடினாள்.

"வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாம்தானே அப்பா. நான் இல்லை எண்டு ஏன் சொன்னீங்கள்?"

போனைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினேன்.

அடுத்த நாள் வந்து, எல்லர்ஸ்லி என்கிற வேறொரு புறநகரில் சிநேகிதியோடு ஃபிளாட் எடுத்துப் போகப்போகிறேன் என்றாள். கோபமில்லாமல், பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னாள். ஜெசி என்னைப் பார்த்து, "நீங்கள் சொன்னது பலிக்கப் போகுது" என்றாள். ஆனால் விண்ணப்பம் முடியும் முன்னால் முகவரி மாறினால் இரும்புப் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தச் சட்டம் மட்டும்தான் அவளை வீட்டில் வைத்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு சட்டத்தைப் பிடித்தது.

5

திங்கட்கிழமை நானே அந்த அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். நாற்பது நிமிஷம் இசை கேட்டேன். நான் சொன்னது பொய், மகள் என் வீட்டில்தான் இருக்கிறாள் என்றேன். மறுமுனையில் இருந்த பெண் மிகவும் பணிவாகக் கேட்டாள்: "அப்படியானால் அன்றைக்குச் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா?" நியாயமான கேள்வி. நேரில் ஆள் வருவார் என்றாள்.

வந்தவர் பெயர் பீட்டர். அறுபத்தைந்து வயதிருக்கும், கையில் தடித்த கோப்பு. நாங்கள் சொல்ல முதலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று யோசித்தேன். ஜெசி ரோல்ஸ் பொரித்து வைத்தாள். மன்னிக்க வேண்டும், வேலை நேரத்தில் எதுவும் வாங்கக்கூடாது என்றார். ரோல்ஸ் வேண்டாம் என்ற மனிதரை ஜெசி அதற்குப் பிறகு நம்பவில்லை.

நிரோவைக் கராஜுக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். அவளோடு ஒரு மணித்தியாலம் கதைத்தார். பிறகு அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னை இருத்தினார்.

ஜெசி எனக்கு முதலே பாடம் எடுத்திருந்தாள். போனில் ஆங்கிலம் விளங்கவில்லை, வேறு யாரையோ கேட்கிறார்கள் என்று நினைத்தேன் எண்டு சொல்லுங்கோ, அதோடு முடியும். நல்ல யோசனைதான். என் முகத்தையும் என் உச்சரிப்பையும் வைத்து யாரும் அதை நம்புவார்கள். அவர் குடியைப் பற்றிக் கேட்டார், கோபத்தைப் பற்றிக் கேட்டார், பெட்டியைப் பூட்டுகிற திறப்பு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அது சரியான பதிலாம்.

பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "மகள் ஆஸ்திரேலியாவில் என்று ஏன் சொன்னீர்கள்?"

விளங்கவில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. குசினிக் கதவடியில் ஜெசியின் நிழல் தெரிந்தது. ஆனால் அதைச் சொன்னால் நிரோ என்னைப் பற்றி நினைப்பதுதான் உண்மையாகிவிடும் என்று பட்டது. தலைமையாசிரியர் அறையிலிருந்து தொடங்கினேன். வரவுப் புத்தகம், சுத்தியல் உள்ள பிஸ்டல், மூன்று தரம் கேட்டது, கொழும்பு, புட்டு. புட்டு என்றால் என்ன என்று கேட்டு அதையும் எழுதினார். என்னுடைய ஆங்கிலம் இடறி இடறி விழுந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

எழுதி முடித்துவிட்டுக் கடைசிக் கேள்வி கேட்டார். மகளிடம் துவக்கு இருப்பதில் உங்களுக்கு ஏதாவது பயம் உண்டா?

"ஓம். துவக்கில் பயம். அவளில் இல்லை" என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், ஆனால் ஓம் மட்டும் தமிழில் வந்துவிட்டது.

அதையும் எழுதினார். எழும்பும்போது, விண்ணப்பித்தவர் கேட்டால் இந்தக் குறிப்பை நாங்கள் அவருக்குக் காட்ட வேண்டிவரும், உங்களுக்குச் சம்மதமா என்றார். காட்டுங்கள் என்றேன். என் வாயால் அவளுக்குச் சொல்ல வராத ஒன்றை அரசாங்கம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். இது வீரம் இல்லை, எனக்குத் தெரியும்.

6

ஐந்து கிழமை கழித்து அனுமதி வந்தது. இனி எங்கேயும் போகலாம். எல்லர்ஸ்லிக்கும் போகலாம். நான் தினமும் வேலையால் வந்ததும் அவளுடைய அறைக் கதவைத் தாண்டும்போது, பெட்டி ஏதாவது கட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

அவள் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கியிருந்தாள். மூன்று பக்கம். இரண்டு நாள் அது அவளுடைய மேசையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம், நாளைக்கு வாறீங்களா என்று மட்டும் கேட்டாள்.

போனேன். கழகத்தில் மாகரெட் ஒரு படிவத்தோடு காத்திருந்தாள். எந்தப் பிஸ்டலை வாங்குகிறாள் என்று அதில் எழுத வேண்டும், கழகம் கையெழுத்திட வேண்டும். மேசையில் அதே இரண்டும், ரவைக்கூடு கழற்றி, மேல்பாகம் பின்னுக்கு இழுத்து, வெறுமையாகக் கிடந்தன. இந்தத் தரம் இரண்டையும் பார்த்தேன். இரும்பையும் பார்த்தேன். பின்னால் நின்ற சுத்தியலையும் பார்த்தேன்.

நிரோ பக்கத்தில் வந்து நின்றாள். அந்த மூன்று பக்கத்தைப் பற்றி அவள் கேட்டது ஒரேயொரு கேள்வி. பெரியப்பாவைப் பற்றி இல்லை, வந்தவன் யார் என்றும் இல்லை.

"அப்பா, அந்த மேசையில அது எந்தப் பக்கம் பாத்துக் கிடந்தது?"

முப்பத்தெட்டு வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானே என்னிடம் கேட்டதில்லை. ஆனால் பதில் அப்படியே இருந்தது.

"என்னைப் பாத்து" என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மேசையிலிருந்த இரண்டு குழல்களையும் பார்த்தேன். இரண்டும் மனிதர் யாரும் இல்லாத மண் மேட்டைப் பார்த்துக் கிடந்தன. அதை மாற்றி வைத்தவனை மாகரெட் இரண்டாம் தரம் உள்ளே விடமாட்டாளாம். அன்றைக்குத்தான் எனக்கு அது தெரியும்.

"நான் பிளாஸ்டிக்கை எடுக்கிறன். அதுவும் ஓகேதான், பழகலாம்" என்றாள் நிரோ.

"இல்லை பிள்ளை. உனக்கு இரும்புதானே கையில நிக்குது. அதை எடு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் உண்மையைத்தான் சொல்கிறேனா, இல்லை இதுவும் அந்த ஆஸ்திரேலியா மாதிரியா என்று பார்த்தாள். அவசரமில்லாமல், நன்றாகப் பார்த்தாள். எனக்கு அது பிழையாகப் படவில்லை. நான் அவளுடைய ஜக்கெட்டையே மணந்து பார்த்தவன்.

பிறகு மாகரெட்டின் பேனாவை வாங்கி, முதல் வரியில் இரும்பின் பெயரை எழுதினாள். இரண்டாவது வரியில் தன் பெயரை எழுதினாள். மூன்றாவது வரி, துவக்கு எந்த முகவரியில் வைக்கப்படும் என்பது. அவள் எழுதும்போது தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

எங்கள் வீட்டு இலக்கம். எங்கள் தெரு. பாட்டனி டவுன்ஸ்.